ஜீப்புக்கு மாட்டிய கதவு

காரைக்குடியில் வண்டிக்கு பாடி கட்டுகிற பட்டறை எது என்று யாரைக் கேட்டாலும் என் பட்டறைக்குத்தான் கை காட்டுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன், பெருமைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் அஞ்சாவதோடு நின்றவன். இன்றைக்கு என்னிடம் வேலை பார்க்கிற இன்ஜினியர் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் படம் போட்டுவிட்டு, சரியா இருக்கா என்று என் மூஞ்சியைத்தான் பார்க்கிறார்கள். மினி பஸ், ஸ்கூல் வேன், பால் வண்டி, பிணம் ஏற்றுகிற வண்டி, எது வந்தாலும் முடியாது என்று சொன்னவன் இல்லை. ஒரே ஒரு வேலையைத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது போன மாதம் நடந்தது.

நெற்குப்பையிலிருந்து ஒரு பெரிய வீட்டுப் பையன் பழைய மிலிட்டரி ஜீப் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஆசைக்காக வாங்கியதாம். அதை ஓர் அடி நீட்டி, பின்னால் எதிரெதிராக சீட் போட்டுக் கொடுக்கவேண்டும் என்றான். நான் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. ‘இங்க செய்யிறதில்ல தம்பி, வேற எங்குட்டாச்சும் பாருங்க’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். என் மகனுக்குக் கோபம். ‘வந்த வேலைய விரட்டுறீகளேப்பா, என்ன காரணம்?’ என்று பின்னாலேயே வந்தான். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கள் ஊர் கண்டரமாணிக்கம் வரைக்கும் போகவேண்டும். அவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா ஆசாரி. பெரிய பெரிய வீடுகளுக்கு நிலையும் கதவும் செய்தவர். அவர் மாட்டிய கதவைக் கைக்குழந்தை விரலால் தள்ளித் திறக்கலாம். சாத்தினால் ‘டப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். யார் வீட்டிலாவது கதவு பிடிக்கிறது என்று கூப்பிட்டால், அப்பா மரம் சீவுகிற இழைப்புளியைத் தொடமாட்டார். தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு சுவரையும் நிலையையும் பார்க்கப் போவார். ‘மழைக்காத்துல மரம் ஊதும், காஞ்சா சரியாயிரும். மத்த நாள்ல கதவு பிடிச்சா, குத்தம் கதவுல இல்லடா. நிலை சாயுதுன்னு அது சத்தம் போடுது. அப்ப போயி கதவச் சீவுறவன் ஆசாரி இல்ல’ என்பார். இதை எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டுக் கோலி விளையாடப் போய்விடுவேன்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் கதவு கிடையாது, மூங்கில் தட்டிதான். கதவு செய்யாமல் இல்லை. பர்மா தேக்கில் அருமையான ஒற்றைக் கதவு ஒன்றைச் செய்து, நிலைக்கு அதற்கேற்ற மரம் கிடைக்கட்டும் என்று சுவரில் சாய்த்து வைத்திருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே சாய்த்து வைத்தது. நான் அதைப் பிடித்துத்தான் நடை பழகினேன் என்று அம்மா சொல்வார்.

அப்பாவுக்கு ஒரே தம்பி, என் சித்தப்பா. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் அவரைத் தோளில் போட்டு வளர்த்தவர் அப்பா. சித்தப்பா மிலிட்டரியில் டிரைவராகப் போனார். போன நாளிலிருந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம் அப்பா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே உட்காருவார். எனக்குப் பத்து வயது நடக்கும்போது, சர்வீஸ் முடிந்து சித்தப்பா ஊர் திரும்பினார். சும்மா வரவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு, பட்டாளத்தில் கழித்துக் கட்டிய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தார். எந்தெந்தச் சண்டைக்கோ போய் வந்த அந்த வீரமான வண்டி, எங்கள் ஊருக்குள் நுழைந்தது ஒரு ஜோடி மாட்டுக்குப் பின்னால் கயிறு கட்டி.

அன்று சாப்பிடும்போது சித்தப்பா சொன்னார்: ‘இத ஆளேத்துற வண்டியா மாத்திரலாம்ணே. நம்ம ஊருக்கும் காரைக்குடிக்கும் டிரிப் அடிச்சா பொழச்சுக்கிரலாம். இது ஓடுச்சுன்னா நான் உங்க கூடவே கெடக்கேன். ஓடலைன்னா வடக்க போயி லாரி ஓட்ட வேண்டியதுதான்.’

அப்பா சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய், ஜீப்பின் வெறும் தகரத்தைத் தடவிப் பார்த்தார். மறுநாள் அவர் யார் வீட்டு வேலைக்கும் போகவில்லை. உளிகளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

வண்டிக்கு மூன்று மெக்கானிக். சித்தப்பா, அப்பா, நான். சிரிக்கவேண்டாம். என் கை சின்னக் கை. பெரியவர்கள் கை நுழையாத சந்தில் எல்லாம் நட்டைப் போட்டு முறுக்கியவன் நான்தான். இறுகிக் கிடந்த இன்ஜினுக்குள் மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவைத்தோம். பச்சைப் பெயின்டைச் சுரண்டினால் அடியில் இன்னொரு பச்சை, அதைச் சுரண்டினால் மண் நிறம். பெட்ரோல் குடிக்கும் என்று முன்சக்கரத்தையும் சேர்த்துச் சுழற்றுகிற தண்டைக் கழற்றிப் போட்டார் சித்தப்பா. ஒருநாள் மத்தியானம் இன்ஜின் இருமி, புகை கக்கி, நின்று பேச ஆரம்பித்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து கும்பிட்டார். ஓட ஆரம்பித்ததும் எனக்கு வேலையும் நிச்சயமாகிவிட்டது, நான்தான் கிளீனர். தகரத்தைத் தட்டி ‘ரைட்’ சொல்லிச் சொல்லி உள்ளங்கை சிவந்துபோனது.

அதோடு விட்டிருந்தால் வண்டி ஓடியிருக்கும். இன்றைக்கு நான் சொல்கிறேன், சத்தியமாக ஓடியிருக்கும்.

மேலே கூடு கட்ட அளவெடுத்தபோது உள்நீளம் ஏழடி வந்தது. அப்பா கோலைக் கீழே வைத்துவிட்டார்.

‘ஏழு ஆகாதுடா தம்பி. தரித்திரம். எட்டு வேணும்.’

‘அண்ணே, என்னண்ணே சொல்றீக. இது வண்டி. மனையடி பாக்க இது என்ன வீடா?’

‘எட்டுப் பேரு உள்ள உக்காந்து கதவச் சாத்துனா அது வீடுதான். என் தம்பி பொழைக்கப் போற எடத்துல ஏழடி வைக்க மாட்டேன்.’

சித்தப்பா சிரித்துப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார். வளர்த்த அண்ணன் பேச்சை எத்தனை நேரம்தான் தட்டுவது. கடைசியில், வண்டியின் முதுகெலும்பு மாதிரி இருக்கிற சேசிஸை நடுவில் அறுத்து ஓரடி சேர்ப்பது என்று முடிவாயிற்று. சேர்க்க இரும்பு எது? அப்பா அதற்கும் வழி வைத்திருந்தார். இடித்துப் போட்ட ஒரு பெரிய வீட்டின் இரும்பு உத்தரத்தில் ஒரு துண்டு. கப்பலில் வந்த இங்கிலீசு இரும்பு. ‘ரெண்டு மாடியத் தாங்குனது, இந்தப் பொட்டி வண்டியத் தாங்காதா?’ என்றார். காரைக்குடியிலிருந்து ஆள் வந்து கேஸ் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

வீட்டு இரும்புக்கு நிற்க மட்டும்தான் தெரியும். வண்டி இரும்புக்கு வளைந்து கொடுக்கத் தெரியவேண்டும். இதை என் பட்டறையில் நேற்றுச் சேர்ந்தவனும் சொல்வான். அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அதற்கு மேல் அப்பா கட்டியதைக் கூடு என்று சொல்லக்கூடாது, மாளிகை. தேக்குச் சட்டம், ஓர் ஆணிகூட அடிக்காமல் மர முளை வைத்த பொருத்து, ஜன்னலுக்கு மேலே பூவேலை. டீக்கடைக்காரர் தினமும் வந்து பார்த்துவிட்டு, ‘ஆசாரியாரே, எல்லாம் சரி, மேல ஓடு எப்ப வேயிறீக? பால் காய்ச்சுறப்பச் சொல்லி அனுப்புங்க’ என்பார். அப்பா சிரித்துக்கொள்வார். பின்பக்கத்துக்கு ஒரு கதவு வேண்டியிருந்தது. அப்பா சுவரில் சாய்த்திருந்த கதவை எடுத்தார்.

அம்மா வாசலில் நின்றுவிட்டார். ‘ஏங்க, இத்தன வருசமா வீட்டுக்கு மாட்ட மனசு வரல. வண்டிக்கு வருதாக்கும்?’

‘வண்டி ஓடட்டும். உனக்கு ரெட்டைக் கதவே போடுறேன்.’

அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கதவை வண்டி அளவுக்கு அறுத்தார். மாட்டிச் சாத்தினார். ‘டப்’. சித்தப்பாவே கையைத் தட்டிவிட்டார்.

கொஞ்ச நாள் ஊருக்குள் ஓட்டிப் பார்த்தோம். பிறகு, சிவகங்கைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிற நாள் வந்தது. அவர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் ஆளேற்றலாம். விடியற்காலையிலேயே நான் குளித்து, விபூதி பூசி, வண்டியின் பின்படியில் ஏறி நின்றுவிட்டேன். கிளீனர் இல்லாமல் வண்டி போகுமா?

அப்பா என் இடுப்பைப் பிடித்துக் கீழே இறக்கினார். ‘நீ வராத. பள்ளிக்கூடத்துக்குப் போ.’

பள்ளிக்கூடத்துக்குப் போ என்று அப்பா தன் ஆயுளில் என்னிடம் சொன்ன ஒரே நாள் அதுதான். நான் அழுதேன், புரண்டேன். சித்தப்பாகூட, ‘வரட்டும்ணே, அவன் இல்லாம வண்டியா?’ என்று பரிந்து பேசினார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. சித்தப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, ‘மெல்லமாப் போ தம்பி’ என்று மட்டும் சொன்னார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. நான் கண்மாய்க்கரை வரைக்கும் வண்டிக்குப் பின்னால் ஓடி, புழுதியைத் தின்றுவிட்டுத் திரும்பினேன். அந்த வீம்பில் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

பொழுது சாயும்போது இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். முன்னால் சித்தப்பா, வெறுங்கையோடு. கொஞ்சம் பின்னால் அப்பா, தலையில் அந்தக் கதவோடு.

சிவகங்கை ரோட்டில் ஓர் ஓடைப் பாலத்தின் மேல் ஏறி இறங்கும்போது, பற்றவைத்த இடத்தை ஒட்டி இரும்பு பிளந்து, வண்டி இடுப்பொடிந்த மாடு மாதிரி நடுவில் உட்கார்ந்துவிட்டதாம். மெல்லமாகப் போனதால் ஆட்களுக்கு அடியில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னவர் சித்தப்பாதான். ‘கால்வாசி தூரங்கூடப் போகல மதினி’ என்றார். அப்பா கதவை இறக்கிப் பழைய இடத்திலேயே சாய்த்துவிட்டு, அதற்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார். வண்டிக்காக அறுத்த கதவு. இனி அது எங்கள் வீட்டு வாசலுக்குக் குட்டை.

அந்த வாரமே சித்தப்பா கிளம்பினார். ‘வாரேன் மதினி’ என்றார். ‘ஒருவாய் சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி’ என்றார் அம்மா. சாப்பிடவில்லை. அப்பா பஸ் நிற்கிற இடத்துக்குப் போகவில்லை. கதவுக்கு எதிரில் உட்கார்ந்தபடியே இருந்தார். சித்தப்பா எங்கே போனார், யாரிடம் லாரி ஓட்டினார், எந்த ரோட்டில் செத்தார் என்று இன்றுவரை தெரியாது. கையில் காசு வந்த பிறகு நான் வடக்கே ஆள் விட்டுத் தேடினேன், லாரி ஷெட்டுகளில் விசாரித்தேன். எதை நினைத்தாலும் முடித்துக் காட்டுகிறவன் என்று பேர் எடுத்தவன்தான் நான். இந்த ஓர் ஆளை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பாலத்தடியில் கிடந்த ஜீப்பைப் பழைய இரும்புக்காரன் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்துப் போனான். அப்பா கதவு செய்வதை விட்டுவிட்டு, வீடு இடிக்கிற கூட்டத்தோடு கூலிக்குப் போனார். தட்டி வைத்த வீட்டிலிருந்துதான் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது சிவகங்கைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம். அதற்கு முன்பே, ஊருக்குள் ஓட்டிப் பார்த்த நாட்களில் எல்லாம், வண்டி வந்து நின்றதும் அப்பா பின்னால் போய்க் கதவைச் சாத்திப் பார்ப்பார். ‘டப்’ சத்தம் குறைந்து, ஒருநாள் ‘கிறீச்’ என்றது. அன்றைக்கு இழைப்புளியை எடுத்துக் கதவின் ஓரத்தை ஒரு சீவு சீவினார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் சீவினார். முந்தின நாள் சாயங்காலம் தோளைக் கொடுத்துத் தள்ளித்தான் சாத்தவேண்டியிருந்தது. அப்பா நெடுநேரம் கதவின் மேல் கையை வைத்தபடி நின்றார். பிறகு மூன்றாம் தடவையாகச் சீவினார்.

வண்டிக்கு அடியில் படுத்து கிரீஸ் தடவிக்கொண்டிருந்த சித்தப்பா, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தவர், நிறுத்திவிட்டுக் கேட்டார். ‘என்னண்ணே சீவுறீக? ஏதும் கோளாறா?’

‘ஒண்ணுமில்லடா. மழைக்காத்து. கதவு லேசா பிடிக்குது’ என்றார் அப்பா.

சித்தப்பா மறுபடியும் பாட ஆரம்பித்தார். நான் சுருள் சுருளாக விழுந்த தேக்குச் சீவலைப் பொறுக்கி டவுசர் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். அது பங்குனி மாசம். கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தை பிறந்ததிலிருந்து எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை கிடையாது. பாவம், வேலை மும்முரத்தில் அப்பாவுக்கு மாசம்கூட மறந்துபோச்சு என்று நினைத்துக்கொண்டேன்.