பம்பருக்கு அடித்த சாயம்

என் கல்யாணம் முடிந்ததற்கு எங்கள் அப்பா, என் மாமனார், ஜாதகம் பார்த்தவர் என்று ஆளாளுக்குப் பெருமை அடித்துக்கொள்வார்கள். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அது எனக்கு லேசில் வருகிற காரியமில்லை. உண்மையில் அந்தக் கல்யாணம் முடியக் காரணம் எங்கள் காரை ஓட்டிய கைருதீன் பாய். அவரைப் பற்றி வேறு யார் எழுதப் போகிறார்கள்? நான்தான் எழுத வேண்டும்.

பாய்க்கு வீடு மண்ணரையில். வெகுகாலம் வாடகைக்கு அம்பாசிடர் ஓட்டியவர். அவர் மனைவி சைதுன்னிசா அக்கா, கம்பெனிகளிலிருந்து பனியன் வாங்கி வந்து வீட்டிலேயே நூல் பிசிறு வெட்டிக் கொடுப்பார். எங்கள் அப்பா சாமியப்பன் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்று பெயர் பெத்த பெயர், உள்ளே போனால் நாலைந்து மிஷின். தொண்ணூறாம் வருஷ வாக்கில் கோயமுத்தூரிலிருந்து ஒரு பழைய வெள்ளை மாருதி வாங்கினார். அதை ஓட்டத்தான் பாய் வந்தார்.

அந்தக் காரின் வெள்ளைக்கு ஒரு குறையுமில்லை. கருப்புதான் கண்றாவி. முன்னும் பின்னும் பம்பர், கதவுகளில் ஓடுகிற பட்டை, கண்ணாடியைச் சுற்றிய ரப்பர், எல்லாம் கருப்பாக இருக்க வேண்டியவை. முந்தைய சொந்தக்காரர் வருஷக்கணக்காக வெயிலில் நிறுத்தியதில் அத்தனையும் அடுப்புச் சாம்பல் பூசியது போல வெளுத்துக் கிடந்தன. வந்த அன்றைக்கே பாய் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பம்பரைத் தடவிப் பார்த்தார். "பாவம், காஞ்சு போச்சுங்க. பொறுமையாப் பாத்தா திரும்பிக்கும்" என்றார். காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்த்துச் சொல்வது மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து காலையில் அவர் வேலை அதுதான். முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணை இறக்குவார். யாராவது உலர்ந்த துணியால் துடைக்க வந்தால் கையைத் தட்டிவிடுவார், மண் கீறிவிடுமாம். பிறகு பல் துலக்கும் பழைய பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, பட்டையின் இடுக்குகளில் ஏறிய அழுக்கை எடுப்பார். துடைக்கக் கம்பெனியில் விழும் பனியன் வேஸ்ட்தான், அதிலும் வெள்ளையை மட்டும் பொறுக்குவார். கலர் துணி ஈரத்தில் சாயம் விடும் என்பார். நன்றாகக் காய்ந்த பின் இரண்டு சொட்டு கிளிசரினைத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட்டு, வண்டியை வேப்பமரத்து நிழலில் கொண்டுபோய் நிறுத்துவார்.

எங்கள் ஊர் போர் தண்ணீர் வாயில் வைக்க விளங்காத உப்பு. அது காய்ந்தால் ரப்பரில் வெள்ளை பூக்கும் என்று பாய் நல்ல தண்ணீர் கேட்பார். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மனுசன் குடிக்கவே நல்ல தண்ணி இல்லை, உங்க காருக்குத் தலைக்கு ஊத்தோணுமாக்கு?" என்று கத்துவாள். "ஒரே ஒரு குடமுங்க, கடைசியா அலசறதுக்கு மட்டுமுங்க" என்று நயமாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போய்விடுவார். நான் சண்டைக்காரி. அவரோடு மட்டும் எனக்குச் சண்டை போட வாய்த்ததில்லை, அவர் இடம் கொடுத்தால்தானே!

கார் ஸ்டாண்டில் பாய்க்கு இதனால் பெரிய பெயர். புதுக் கார் வாங்கியவர்கள் கூட அவரைக் கூட்டிப் போய்க் காட்டி, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்பார்கள். அந்த மனுசருக்குச் சொத்து சுகம் கிடையாது. 'வண்டி பார்க்கணும்னா கைருதீன் பாயைக் கேளு' என்ற அந்தப் பேச்சு ஒன்றுதான் அவருக்கிருந்த ஆஸ்தி.

தொண்ணூற்றொன்றில் எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா தங்கவேலு, ஆற்றோரத்தில் சாயப்பட்டறை வைத்திருந்தார். நேர்மைக்குப் பேர்போனவர், கோபத்துக்கும் அப்படியே. மாப்பிள்ளையை ஒரு கல்யாணத்தில் பார்த்திருந்தேன். எனக்குப் பிடித்துப்போயிற்று, இதை மறைப்பானேன்? இவரில்லாவிட்டால் வேறு யாரும் வேண்டாம் என்று மனசுக்குள் முடிவே செய்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் உப்புச் சர்க்கரை மாற்றுவதென்று பேசியிருந்தார்கள். இரண்டு வீட்டாரும் தட்டில் உப்பும் சர்க்கரையும் வைத்து மாற்றிக்கொண்டால், எங்கள் பக்கம் பேச்சு முடிந்தது, பிறகு யாரும் பின்வாங்கக் கூடாது.

மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிவரக் கார் அனுப்புவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். பம்பர் அப்போதுதான் கருப்புக்குத் திரும்பத் தொடங்கியிருந்தது, பாதி கருப்பு, பாதி சாம்பல். "இன்னும் ரெண்டு மாசம் பொறுங்க மொதலாளி" என்றார் பாய். அப்பாவுக்குப் பொறுமை ஏது? சனிக்கிழமை பாய் வேலை முடிந்து தன் வீட்டுக்குப் போனதும், தெரிந்த பட்டறையிலிருந்து கருஞ்சாயம் வாங்கி வந்து கெட்டியாகக் கரைத்து, பம்பருக்கும் பட்டைக்கும் தானே உட்கார்ந்து பூசினார். பனியன் ஊர்க்காரனுக்கு எது வெளுத்தாலும் சாயம்தான் ஞாபகம் வரும் போலிருக்கிறது! காய்ந்த பிறகு பார்த்தால், சொல்லக் கூடாது, ஷோரூம் வண்டி மாதிரி மினுங்கியது.

காலையில் பாய் வந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "மொதலாளி, இது துணியில ஏறுற சாயமுங்க, பிளாஸ்டிக்குல நிக்காதுங்க. ஈரம் பட்டா வந்துருமுங்க. சித்த நேரம் குடுங்க, கழுவிப்போடறேன்."

"பாய், நீங்க அதுல கையே வெக்காதீங்க. இன்னைக்கு ஒரு பொழுது தாங்குனாப் போதும். பொறப்படுங்க" என்று அப்பா விரட்டினார்.

பாய் வண்டியை எடுத்தார். மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு திரும்புகிற நேரம் பார்த்துத் தூறல் பிடித்ததே!

கார் வாசலில் வந்து நின்றது. நான் ஜன்னல் மறைவில் நின்றிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக இறங்கி, டிக்கியிலிருந்த தட்டுகளை எடுக்கப் பின்பக்கம் போனார். குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது வேட்டியில் முழங்காலுக்குக் கீழே பட்டையாகக் கருப்பு. பம்பரிலிருந்து வெள்ளைக் காரின் அடிப்பக்கமெல்லாம் கருப்பு ஒழுகிக்கொண்டிருந்தது.

அவர் பம்பரை ஒரு விரலால் தொட்டார். மோந்து பார்த்தார். சாயப்பட்டறைக்காரருக்குச் சொல்லவா வேண்டும்?

"சாயமுங்களா?" என்றார் அப்பாவைப் பார்த்து. குரல் தாழ்ந்துதான் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "பழைய காரைச் சாயம் அடிச்சுப் புதுசுன்னு காட்டறீங்களா? கார் பழசுன்னா நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்? இன்னும் எதுக்கெல்லாம் சாயம் அடிச்சு வெச்சிருக்கீங்களோ, ஆரு கண்டா?"

அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாசற்படி ஏறாமல் அப்படியே நின்றுவிட்டார்கள். தட்டு திரும்பவும் டிக்கிக்குள் போகப் போகிறது, என் கதை இத்தோடு சரி என்று எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"நான்தானுங்க அடிச்சுப்போட்டேன்."

கைருதீன் பாய் முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். "நல்ல காரியத்துக்குப் போற வண்டி, பம்பர் வெளுத்திருக்குதேன்னு நானாப் பண்ணுன கிறுக்குத்தனமுங்க. மொதலாளிக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டாருங்க."

மாப்பிள்ளையின் அப்பா பாயை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எங்கள் அப்பாவைப் பார்த்தார். மறுபடியும் பாயைப் பார்த்தார். திடீரென்று சிரித்துவிட்டார். "ஏம் பாய், இத்தனை வருசமா வண்டி ஓட்டறீங்க, பிளாஸ்டிக்குல துணிச் சாயம் நிக்குமாங்க? என்ற பட்டறையில நேத்து வந்த ஆளு கூட இதைச் செய்ய மாட்டானுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். பாயும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. எங்கள் அப்பா கொடுத்த வேட்டியை மாற்றிக்கொண்டு மாப்பிள்ளையின் அப்பா உள்ளே வந்தார், உப்புச் சர்க்கரை மாற்றினார்கள். வெளியே பாய் தூறலில் உட்கார்ந்து பம்பரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

செய்தி கார் ஸ்டாண்டுக்குப் போகாமல் இருக்குமா? பாய்க்கு 'சாயக்கார பாய்' என்று பெயர் விழுந்துவிட்டது. "பாய், என்ற வண்டிக்கும் ஒரு முக்கு முக்கி எடுங்க" என்று கேலி செய்தார்கள். யோசனை கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஸ்டாண்டில் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அப்பா ஒருநாள் கிளம்பியபோது, பாய்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். "அம்மிணி பொழைக்கப் போன ஊட்டுக்குப் பேச்சுப் போகுமுங்க. விடுங்க" என்றார்.

என் மகள் பிறந்த வருஷம், ஒரு மத்தியானம் என் மாமனாருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். வேட்டியில் ரசம் சிந்தியதைப் பார்த்து, "அன்னைக்குக் கருப்பு, இன்னைக்கு ரசம்" என்றேன். அவர் சிரித்தார்.

"அன்னைக்கு அடிச்சது உங்கப்பன்தான் அம்மிணி. எனக்கு அப்பவே தெரியும்."

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது.

"சாயத்துல கை வெச்சவன் நகக்கண்ணுல அது போறதுக்கு வாரம் ஆவும். உங்கப்பன் கையைப் பின்னால கட்டியிருந்தாரு, தாம்பூலம் குடுக்கறப்ப பாத்துட்டேன். ஆனா அதுக்கு முன்னாலயே தெரிஞ்சுபோச்சு. அந்த பாய் கும்புட்ட கை அத்தனை சுத்தம்."

"அப்புறம் ஏனுங் மாமா சரின்னீங்க?"

"ஓட்டுற ஆளு தானா வந்து பழியைத் தலையில போட்டுக்கறான்னா, அந்த ஊட்ல அவனை எப்பேர்ப்பட்ட மரியாதையா வெச்சிருப்பாங்க? அங்க வளந்த புள்ளை நம்மூட்டுக்கு வந்தாப் போதும்னு நெனச்சேன்."

மரியாதையா? பாய்க்கு எங்கள் வீட்டில் தனி டம்ளர். ஒரு குடம் நல்ல தண்ணீருக்குத் தினமும் பேச்சு வாங்குவார். மாமா எங்கள் வீட்டுக்குக் கொடுத்த நல்ல பெயர் முழுக்க அந்த ஒரு மனுசருடையது. அதை வைத்துத்தான் நான் வாழ வந்தேன்.

மறுநாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மண்ணரைக்குப் போனேன். மாமா சொன்னதை அப்படியே சொன்னேன். பாய் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சைதுன்னிசா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாய், உங்களாலதான் எனக்கு இந்த வாழ்க்கை. எங்கூட்டுல உங்களுக்கு என்ன செஞ்சோம்னு எங்களுக்காக அப்படி நின்னீங்க?" என்று கேட்டேன். அழுகையை அடக்க முடியவில்லை.

"நீங்க என்ன செஞ்சீங்கன்னு நான் ரோசனை பண்ணலையே கண்ணு" என்றார் பாய். "ஜன்னல்ல நீ நின்னதைப் பாத்தேன்."