எண்ணெய் வேண்டாத சைக்கிளில் கொடைக்கானல்

காலை 5.10. பழனியில் மைத்துனர் முருகேசனின் சைக்கிள் கடையிலிருந்து புறப்பட்டேன். கொடைக்கானல் 64 கிலோமீட்டர். எனக்கு வயது 69, முழங்கால்கள் சரியில்லை. என் சைக்கிளில் செயின் கிடையாது. அதற்குப் பதில் 118 பல் கொண்ட ரப்பர் பெல்ட். பதினொரு மாதத்தில் 4,300 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று, எல்லாம் சமவெளியில்.

"சமதரையில எருமகூட ஓடும் மச்சான். மலையேத்திக் காட்டுங்க" என்றார் முருகேசன். 32 வருடமாகச் செயின் மாட்டுபவர். கொடைக்கானலை ஒட்டிய வில்பட்டியில் காரட் ஏற்ற அவருடைய மினி லாரி காலியாக மேலே போகிறது. டிரைவரோடு அவரும் என் பின்னாலேயே வருவார். பெல்ட் கைவிட்டு நான் லாரியில் ஏறினால் சைக்கிளை விற்றுவிட வேண்டும். இது என் மனைவியின் முன்னிலையில் ஒப்புக்கொண்டது. அவள் தம்பி பக்கம்.

காலை 7.25. ஏற்றம் தொடங்கியதும் பெல்ட் கிறீச்சிட்டது. ஒரு வளைவில் அழுத்தி மிதித்தபோது ஒரு பல் தாவியது. பிறகு நான்கு முறை. இறங்கிப் பார்த்தேன். பல் இடுக்குகளில் கருஞ்சேறு. முகர்ந்தால் எண்ணெய்.

"எண்ணெ விட்டியா மாப்ளே?"

"நீங்க இட்லி சாப்பிடுறப்ப விட்டேன். பெல்ட்டு காஞ்சு கெடந்துச்சு. மலைக்குப் போற வண்டி எதையும் எண்ணெ விடாம நம்ம கடையில இருந்து அனுப்புனதில்ல."

சூது இல்லை, பழக்கம். செயினுக்கு உயிரான எண்ணெய் பெல்ட்டில் பட்டால் மண்ணை இழுத்து ஒட்டிக்கொள்ளும். அவர் லாரிக் கதவைத் திறந்தார். "ஏறுங்க மச்சான். வெரசாப் போயிரலாம்."

ஏறவில்லை. 340 தப்படி தள்ளிக்கொண்டு நடந்து ஒரு டீக்கடையை அடைந்தேன். டீ 15 ரூபாய். கடைக்கார அம்மாவிடம் தண்ணீரும் சோப்பும் கேட்டேன்.

"சைக்கிளக் குளிப்பாட்டப் போறீங்களா?"

"பெல்ட்ட மட்டும்மா."

"அப்ப பாத்திரம் வெளக்குற பிரஷ் தாரேன், பிசுக்குக்கு அதான் சரி. ஏங்க லாரிக்காரரே, வேடிக்க பாக்குறதுக்கா வந்தீங்க? பெடலச் சுத்துங்க, பெரியவரு தேய்க்கட்டும்."

முருகேசன் சுற்றினார். 118 பல்லையும் தேய்த்தேன். இரண்டு வாளித் தண்ணீர், 25 நிமிடம். செயினைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எண்ணெய் விடாமல் மலையேற யார் துணிவார்? பெல்ட்டைத் துணியால் துடைத்து ஏறி மிதித்தேன். சத்தமே இல்லை.

பகல் 2.50. பெருமாள்மலை. தூறல். எதிரே இறங்கிய லாரிகள் அதுவரை 41. இரண்டு மேடுகளில் தள்ளிக்கொண்டு நடந்தேன். அது முழங்காலின் குற்றம், பெல்ட்டினுடையது அல்ல.

மாலை 4.35. கொடைக்கானல் ஏரி. லாரியில் ஏறவே இல்லை. முருகேசன் குந்தி உட்கார்ந்து பெல்ட்டை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"தேயலயே. சரி, அறுந்தா?"

"கோயம்புத்தூர்ல சொல்லி வரவழைக்கணும். 6,800 ரூபாய், ஒன்பது நாள்."

"நம்ம கடையில செயினு ஒம்பது நிமிசம்."

உண்மைதான், மறுக்கவில்லை. மேலும் செயினைப் போல இதைக் கழற்றிப் பூட்ட முடியாது. சைக்கிளின் சட்டத்தையே ஓரிடத்தில் திறந்துதான் பெல்ட்டை நுழைக்க வேண்டும். அந்த இடத்தைக் காட்டினேன். டிரைவர் மூன்று முறை ஹாரன் அடித்தும் முருகேசன் எழவில்லை.

மறுநாள் காலை 7.00. காரட் ஏற்றியாயிற்று. "எறக்கத்துல நான் ஓட்டுறேன். நீங்க லாரியில வாங்க" என்றார் முருகேசன். ஒப்பந்தம் ஏற்றத்துக்கு மட்டுந்தான் என்று அவரை இரண்டு முறை சொல்லவைத்துவிட்டே லாரியில் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் விழுந்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

10.20. பழனி. முருகேசன் இறங்கி, தன் வெள்ளை வேட்டியின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். 64 கிலோமீட்டருக்கு ஓர் எண்ணெய்க் கறைகூட இல்லை.

"அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார்.