குண்டூசி குத்திய பக்கங்கள்

நான் குடியிருப்பது நான்காம் மாடியில். ஆனால் இந்தக் கட்டடத்தில் நான்காம் மாடி கிடையாது. லிப்ட்டுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிவரும் பொத்தான்கள், மூன்றுக்கு மேலே ‘3ஏ’ என்று கொஞ்சம் கூச்சத்தோடு நின்று, அப்படியே ஐந்துக்குத் தாவிவிடும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த புதிதில் ஒருநாள், கையில் கீரைக்கட்டோடு நின்ற சீன ஆன்டி ஒருவர் எந்த மாடி என்று ஆங்கிலத்தில் கேட்க, நான் “ஃபோர்” என்றேன். அவருடைய விரல் காற்றில் அப்படியே நின்றது. “திரீ ஏ லா,” என்று மெதுவாகத் திருத்திவிட்டுப் பொத்தானை அமுக்கினார். கெட்ட வார்த்தை எதையோ பேசிவிட்டோம் என்று எனக்குக் காது சுட்டது. அவர்கள் மொழியில் நான்கும் சாவும் கிட்டத்தட்ட ஒரே ஓசை என்பது பிறகுதான் தெரிந்தது. வீடு கட்டுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் பொத்தான் வைத்துவிட்டு அதற்கு மட்டும் வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். இத்தனை வருடங்களாக இல்லாத ஒரு மாடியில் படுத்து எழும்புகிறேன். நித்திரை நன்றாகத்தான் வருகிறது.

ஊரில் இருக்கிறவர்களுக்கும், என்னைப்போல எங்கோ ஒரு லிப்ட்டில் ஏறி இறங்குகிறவர்களுக்கும் இதை எழுதக் காரணம் புவனா. சாவை ஒளித்து வைக்கிற மனிதர்களை எனக்கு விளங்கும். சிரிப்பை ஒளித்து வைக்கத் துடித்த ஒருத்தியை இந்த வருடம்தான் கண்டேன்.

புவனா பக்கத்து நகரமான கிள்ளானில் இருக்கிறாள். தெங்கு கிளானா தெருப் பக்கம், சேலைக்கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிற வேலை. இலங்கையில் வன்னியிலிருந்து யுத்தத்தின் கடைசிக் காலத்தில் தப்பி வந்தவள். அகதி என்று ஏற்றுக்கொண்டதற்கு ஐ.நா. அகதிகள் அலுவலகத்தில் ஓர் அட்டை கொடுப்பார்கள். அது அவளிடம் இல்லை. அட்டை இல்லாதபடியால் ரயிலடிக்குப் போகும்போதுகூட முன்னால் போலீஸ் நிற்கிறதா என்று பார்த்துத்தான் கால் வைப்பாள். முதல் நேர்காணலில் அவளை மறுத்துவிட்டார்கள். “என்ன நடந்தது எண்டு கேட்டவை. செல் விழுந்தது எண்டன். பிறகு எண்டு கேட்டவை. பிறகும் விழுந்தது எண்டன். வேற என்னத்தை அண்ணை சொல்லுறது?” என்று என்னிடம் கேட்டாள். எறிகணையைத்தான் செல் என்றாள். விவரம் போதாது என்று கடிதம் வந்தது. மேல்முறையீட்டுக்கு ஒரு தவணை கிடைத்தபோது, வன்னியிலிருந்து பொலித்தீனில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்த ஒரு தடித்த அட்டைச் சி.ஆர். கொப்பியோடு என் கதவைத் தட்டினாள். என் பிழைப்பு மொழிபெயர்ப்பு. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, மணமுறிவுத் தீர்ப்பு என்று எல்லாருடைய வாழ்க்கையும் என் மேசை வழியாக ஆங்கிலத்துக்குப் போகும். ஒரு நாட்குறிப்பு வந்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் கொப்பியில் திகதி இல்லை. நாள் கணக்கு முதலில் தொலைந்துபோயிருக்க வேண்டும். தலைப்பில் இடம் மட்டும் இருந்தது, பக்கத்தில் ஒரு காற்புள்ளி போட்டு, எப்போதும் அதே ஒரு சொல். ‘தருமபுரம், இப்போதைக்கு.’ ‘விசுவமடு, இப்போதைக்கு.’ ‘தேவிபுரம், இப்போதைக்கு.’ ஊர்கள் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்தன, கடல் வரைக்கும்.

யுத்தத்தைப் பற்றிய புத்தகங்கள் என் அலுமாரியில் நிறைய உண்டு. வரைபடம் இருக்கும், அம்புக்குறி இருக்கும், எந்தப் படை எந்தப் பக்கத்தால் வந்தது என்று இருக்கும். யார் யாருக்குப் பக்கத்தில் படுத்தார்கள் என்று இருக்காது. புவனாவின் கொப்பியில் அதுதான் இருந்தது. விசுவமடுவில் அவள், அம்மா, அக்கா, அக்காவின் புருஷன், அவர்களுடைய கைக்குழந்தை என்று ஐந்து பேர் பங்கர் என்கிற ஒரு பதுங்குகுழிக்குள். மண்மூட்டைக்குச் சாக்குக் கிடைக்காமல் சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்திருக்கிறார்கள். தைத்தவள் இவள்தான். அம்மாவின் கூறைச்சேலைக்கும் முறை வந்த நாளில் அத்தான் பங்கர் வாசலில் நின்று கைகூப்பி, “பட்டில பங்கர் கட்டின குடும்பம் வன்னியிலயே நாங்கள்தான். வாங்கோ, இருங்கோ, சாப்பிட்டிட்டுப் போங்கோ,” என்று வராத விருந்தாளிகளை வரவேற்றாராம். அழுதுகொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். அதே கை இன்றைக்குக் கிள்ளானில் யார் யாருடைய கலியாணத்துக்கோ பட்டு வெட்டுகிறது.

பிறகு அந்தக் கோழி. எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒரு பேடு. சத்தம் கேட்டவுடன் எல்லாருக்கும் முன்னால் அதுதான் பங்கருக்குள் குதிக்கும். நிவாரணம் கொடுக்கிற இடத்தில் எப்போதும் முன்னால் நிற்கிற கிராம அலுவலரின் நினைவில் அத்தான் அதற்கு ‘விதானையார்’ என்று பெயர் வைத்தார். “விதானையார் இறங்கிட்டார், இனிச் சனம் இறங்கலாம்.” குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குக் கோதுமை மாவிலே, சட்டிக்கு மேலும் கீழும் சிரட்டைத் தணல் போட்டு ஒரு கேக் செய்திருக்கிறார்கள். முட்டை விதானையாரின் உபயம். வெளிச்சம் காட்டக் கூடாது என்பதால் மெழுகுதிரியைக் கொளுத்தாமல் வைத்து, குழந்தையை ஊதச் சொல்லி, எல்லாரும் இரகசியக் குரலில் பாட்டுப் பாடினார்கள். “கொளுத்தாத திரியை என்னண்டு அத்தான் ஊதுறது?” என்று இவள் கேட்க, “அதுதான் உடன அணைஞ்சிட்டுதே, பார்,” என்றாராம்.

கொப்பியைப் பிரதி எடுக்க லோகன் கடைக்குப் போனோம். லோகன் எங்கள் தெருவில் போட்டோகாப்பி கடை வைத்திருப்பவர். இந்த நாட்டின் தாப்பா என்ற ஊரில் பிறந்து கோலாலம்பூருக்கு வந்தவர். எதையும் பிரதி எடுக்கும்போது வாசித்துவிடுகிற கெட்ட பழக்கம் உண்டு. வாசித்ததை வெளியில் சொல்லாத நல்ல பழக்கமும் உண்டு. தாள்கள் சூடாக ஒவ்வொன்றாக வந்து விழ விழ அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது.

“அக்கா, கதை எழுதுறீங்களா? செம காமெடிலா இது. அந்த அத்தான் கேரக்டர் சூப்பர். புக்கு வந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க.”

புவனாவின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். “கதை இல்லை,” என்று மட்டும் சொன்னாள். லோகன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மீதித் தாள்களை அடுக்கித் தந்தார். வெளியே வந்ததும், “கண்டியளோ அண்ணை? சிரிக்கிறார். நேர்காணலில அவையும் இப்பிடித்தான் சிரிப்பினம். கேக் வெட்டினவளுக்கு என்ன கஷ்டம் எண்டு கேப்பினம்,” என்றாள். கிள்ளானுக்குப் போகிற கொமுட்டர் ரயிலில் ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொப்பியோடு வந்தாள். பாதிப் பக்கங்கள் தையல்காரர்களின் குண்டூசியால் ஒன்றோடொன்று குத்தி மூடப்பட்டிருந்தன. குத்திய பக்கங்களை மொழிபெயர்க்கக் கூடாது. மிச்சத்தைக் கொடுத்தால் போதும் என்றாள். மிச்சம் என்னவென்று புரட்டினேன். ஊர்ப் பெயர்கள், செல், பசி, இடப்பெயர்வு. எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பக்கங்களில் இருந்த ஆட்களுக்கு முகம் இல்லை. முதல் நேர்காணலில் அவள் சொன்ன அதே பதிலைத்தான் கொப்பியும் இப்போது சொன்னது: செல் விழுந்தது, பிறகும் விழுந்தது.

எனக்கு ஊரிலிருந்து என் அம்மா எழுதிய கடிதங்கள் நினைவுக்கு வந்தன. தபால் ஓடாத காலத்தில், கொழும்புக்குப் போகிற யாராவது ஒருவரின் கையில் ஒட்டாத உறையில் கொடுத்துவிடுவார். சோதனைச் சாவடியில் பிரித்துப் பார்ப்பார்கள் என்பதால் அந்த நாட்களில் யாரும் உறையை ஒட்டுவதில்லை. மாதக்கணக்கில் சுற்றிக் கோலாலம்பூருக்கு வந்து சேரும். முதலில் எல்லாரும் சுகம் என்று இருக்கும். பிறகு முருங்கை காய்த்துத் தொங்குவது, பறிக்க ஆளில்லாதது, ஆடு இரண்டு குட்டி போட்டது. அதற்குப் பிறகு, பந்திகூடப் பிரிக்காமல், பின்வளவு மாமாவைச் சாமத்தில் செல் கொண்டுபோனது. உடனே குட்டிகளில் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. அந்த வயதில் எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது, ஆட்டையும் மாமாவையும் ஒரே வரியில் எப்படி எழுதினார் என்று. இன்றைக்கு அந்த மாமாவின் சாவு எனக்கு மறக்காமல் இருப்பது அந்தக் குட்டிகளால்தான். இதைப் புவனாவிடம் சொன்னேன். “உங்கட அம்மாவுக்கு ஆரும் நேர்காணல் வைக்கேல்லைத்தானே அண்ணை,” என்றாள்.

குத்தாத பக்கங்களை மட்டும் திரும்பவும் பிரதி எடுக்கப் போனோம். லோகன் கொப்பியைக் கையில் வாங்கி, குண்டூசிகளைத் தடவிப் பார்த்தார்.

“கோழி பக்கம் எங்கக்கா?”

“அது வேண்டாம்.”

“ஏன்கா, நான் சிரிச்சேன்னா?” கொஞ்ச நேரம் இயந்திரத்தின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். “கோச்சுக்காதீங்க. அன்னைக்கு நீங்க போன பெறகு, சரியா விழலன்னு ஒதுக்கி வச்ச பேப்பரு கொஞ்சம் கீழ கெடந்துச்சு. கிழிச்சுப் போடலாம்னு எடுத்தேன். தேவிபுரம்னு போட்ட பேப்பரு.”

அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். மூன்றே வரி. ‘தேவிபுரம், இப்போதைக்கு. அத்தான் தண்ணிக்குப் போனவர். குடம் வந்தது.’

“நாங்க டிவில எவ்வளவோ பாத்திருக்கோம்கா, உங்க ஊரு சண்டையெல்லாம். சாப்பிட்டுக்கிட்டேதான் பாத்தோம், பொய் சொல்லக் கூடாது. ஆனா இது முடியல. அன்னைக்குக் கடைய அடச்சிட்டுப் போயிட்டேன். ஏன்னா அந்த ஆளு என்னைய சிரிக்க வச்ச ஆளு. அந்தக் கோழி பக்கம் இல்லன்னா அது யாரோ ஒரு ஆளுலா.” பிறகு குரலைத் தாழ்த்தி, “கோழிக்கு என்னக்கா ஆச்சு? அதுக்கப்புறம் நீங்க எழுதவே இல்லையே,” என்று கேட்டார்.

புவனா கொப்பியைத் திரும்ப வாங்கி, கடையின் கண்ணாடி மேசையில் வைத்து, முதல் குண்டூசியை உருவினாள். தையல்காரிகளின் வழக்கப்படி அதை உதட்டுக்கிடையில் பிடித்துக்கொண்டாள். இரண்டாவதையும் அப்படியே. ஒவ்வொன்றாக உருவி, வாய் நிறையக் குண்டூசியோடு நின்றதால் அவளால் பேசவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. கடைசி ஊசியையும் எடுத்த பிறகு எல்லாவற்றையும் லோகனின் கிளிப் டப்பாவுக்குள் கொட்டிவிட்டு, “முழுக்க எடுங்கோ,” என்றாள். லோகன் எடுத்தார். இந்தத் தடவை வாசிக்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆங்கிலத்தில் விதானையாரை எப்படிக் கொண்டுபோவது என்று நான் பட்ட பாடு தனிக்கதை. கடைசியில் பெயரை அப்படியே விட்டு, இது ஒரு கோழி என்று அடியில் குறிப்பு எழுதினேன். சத்தியக் கடதாசிகளின் கீழே கையெழுத்துப் போட்டுப் பழகிய எனக்கு, அதன் கீழே கையெழுத்திடுவது பெருமையாக இருந்தது.

நேர்காணல் நாளில் அலுவலகத்துக்கு எதிரே மாமாக் கடை என்கிற ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் காத்திருந்தேன். தே தாரேக் தேநீர் இரண்டு தடவை ஆறிப்போனது. மழை வந்து ஓய்ந்தது. வெளியே வந்த புவனா தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. ஒரு கார்க்காரர் ஹார்ன் அடித்தார். வந்து உட்கார்ந்து என் தேநீரையே எடுத்துக் குடித்தாள்.

“அந்த ஒபிசர் பிள்ளை எல்லாத்தையும் வாசிச்சிருக்கிறா. முதல் கேள்வி என்ன தெரியுமே?”

“கோழிக்கு என்ன நடந்தது?”

“ஓம்.” அவள் முதல்தடவையாகச் சிரித்தாள். “விசுவமடுவை விட்டு வெளிக்கிடேக்க அது பங்கரை விட்டு வரமாட்டன் எண்டிட்டுது. அத்தான் பாதி வழியில திரும்பிப் போனவர். அக்கா கத்துறா, சனம் ஓடுது, இவர் கோழியைப் பாக்கப் போறார். வாசலில இருந்த கூறைச்சேலை மூட்டையை இழுத்துப்போட்டு, அது பிறகு வெளிய வர வழி விட்டிட்டு, சட்டியில கிடந்த மிச்ச மாவையும் கொட்டிப்போட்டு வந்தவர். இது கொப்பியில இல்லை அண்ணை. நான் ஆருக்கும் சொன்னதில்லை. அதைச் சொல்லப்போய், எந்த றோட்டால வந்தம், ஆர் முன்னால போனது, எங்க தண்ணி இருந்தது எண்டு எல்லாம் வந்திட்டுது. அவ எழுதி எழுதிக் கை நோகுது எண்டு நிப்பாட்டி, பிறகும் எழுதினா.”

மழைக்காலம் முடியுமுன் அட்டை வந்தது. அதைப் பார்க்க நானும் லோகனும் கிள்ளானுக்குப் போனோம். கனடாவில் இருக்கிற அக்காவோடு அவள் எப்போதாவது போய்ச் சேரலாம்; சேராமலும் போகலாம். பின்வீட்டு மலாய்க்கார அம்மா அவளுக்கு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். தையல் மெசின் மேலே வெட்டிய பட்டு ஒன்று பாதியில் கிடந்தது. லோகன் தன் கடையிலிருந்து ஒரு புதுக் கொப்பி கொண்டுவந்திருந்தார். தன்னுடைய பெயரையும் அதில் எழுத வேண்டும் என்று நிபந்தனை. “நல்லவனா எழுதுங்கக்கா. கொஞ்சம் உயரமா. விதானையாரும் இதுல வருவாரா?”

புவனா மெசின் மேசையிலேயே கொப்பியை விரித்தாள். தலைப்பில் ‘கிள்ளான்’ என்று எழுதினாள். பழகிய கை, காற்புள்ளியும் தானாகவே விழுந்தது. அங்கே பேனை நின்றது.

“இஞ்ச என்ன அண்ணை போடுறது?”

இத்தனை வருடமாக இல்லாத மாடியில் இருக்கிறவனிடம் கேட்கிறாள். நான் பட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காற்புள்ளிக்குப் பிறகு ஒரு சொல்லுக்கு அளவாக இடம் விட்டு, அடுத்த வரிக்கு இறங்கினாள். ‘இன்றைக்கும் ஒருவர் விதானையாரைப் பற்றிக் கேட்டார்’ என்று தொடங்கி எழுதிக்கொண்டே போனாள். மேலே அந்த வெற்றிடம் அப்படியே இருந்தது, வாசலில் மூட்டையை இழுத்துவிட்ட வழிபோல.