மூன்று தடவை பிரிந்த கவர்

1. செல்லாது சார்

அந்தக் கவர் என் மேஜைக்கு வந்தபோது காலை ஒன்பதரை. மறுநாள் கூரியரில் ஏற்றினால்தான் கெடுவுக்குள் அயர்லாந்து போய்ச் சேரும். கையில் வாங்கிய உடனே சொல்லிவிட்டேன்: "சார், இது செல்லாது."

நான் எட்டாம் வகுப்பு. அதுவும் பாஸ் இல்லை. எமிரேட்ஸின் புஜைராவில் லேபர் கேம்புக்குத் தண்ணீர் கேன் தூக்கி ஆரம்பித்தவன். இன்று சர்டிபிகேட்டுக்கு முத்திரை வாங்கித் தரும் அட்டஸ்டேஷன் கடை சொந்தமாக இருக்கிறது, மூன்று கவுண்டரோடு. டாக்டர், இன்ஜினீயர் என்று எத்தனையோ பேருடைய படிப்பு இந்தக் கையைத் தாண்டித்தான் கடல் தாண்டியிருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

வந்தவர் பாலகுமார் சார், கோயம்புத்தூர்க்காரர். துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய் டெர்மினலில் பம்ப், பைப்லைன் எல்லாம் அவர் பொறுப்பு. கூடவே மனைவி சுமதி, மகள் நிவேதா. பெண் துபாய்க் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் இரண்டு வருடம் படித்துவிட்டு, மீதியை அயர்லாந்தில் படிக்கப் போகிறாள். இங்கே படித்த பாடங்களை அங்கே ஏற்றுக்கொண்டால் நேராக மூன்றாம் வருடம். இல்லையென்றால் முதல் வருடத்திலிருந்து மறுபடியும். கிரெடிட் டிரான்ஸ்ஃபர் என்பது அவ்வளவுதான்.

அதற்கு மார்க் விவரம் எல்லாம் அடங்கிய டிரான்ஸ்கிரிப்டைக் கல்லூரியே கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்தும் சீலும் வைத்துத் தரும். அதை அந்த யூனிவர்சிட்டிதான் பிரிக்க வேண்டும். வேறு யார் பிரித்தாலும் உள்ளே இருப்பது வெறும் காகிதம்.

பாலகுமார் சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன அண்ணாச்சி, தொட்டுப் பார்த்ததுமே செல்லாதுன்னா எப்படிங்க? சீல் இருக்குது, சைன் இருக்குது."

"சைன் இருக்கு சார். ஆனா மேல் பாதியும் கீழ் பாதியும் சேரலியே. இதை ஒரு தடவை இல்ல, மூணு தடவை பிரிச்சிருக்காங்க."

மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தார்கள்.

2. விசாரணை

படித்தவர்கள் கவருக்குள் இருப்பதைப் படிப்பார்கள். எனக்குக் கவரையே படிக்கத் தெரியும். இதில் காகிதம் ஓரமாய் உப்பியிருந்தது. அது ஆவி காட்டிப் பிரித்தது. அதன் மேல் ஸ்கேல் வைத்தாற்போல் நேர்க்கோட்டில் க்ளூ ஸ்டிக்கின் பளபளப்பு. அதற்கும் மேலே ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது.

"சார், பார்க்கிங்குக்கு டிக்கெட் போட்டீங்களா? இன்ஸ்பெக்டர் சுத்திக்கிட்டிருக்கான்" என்றேன். அவர் ஓடினார். சுமதியைப் பக்கத்துக் கடைக்குப் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எடுக்க அனுப்பினேன். ஜெராக்ஸ் மிஷின் என் கடையிலேயே இருக்கிறது. அதன் மேல் அன்றைய பேப்பரை விரித்து வைத்தேன்.

"சொல்லு பாப்பா. கெட்டில் ஆவிதானே?"

"அங்கிள்... வீடியோ பார்த்துச் செஞ்சேன். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ஃபர்ஸ்ட் டைம் ஃபெயில். திரும்ப எடுத்து பி வாங்கிட்டேன். அந்த எஃப்பும் டிரான்ஸ்கிரிப்ட்ல வந்திருக்கான்னு பார்த்தேன். வந்திருக்கு. அப்பாட்ட சொல்லிடாதீங்க, ப்ளீஸ். அவருக்கு வேலையே அதுதான்."

அப்பா மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். பெண்ணிடம் பணம் கொடுத்துச் சாயா வாங்க அனுப்பினேன்.

"சார், க்ளூ ஸ்டிக் ஆபீஸ்ல எடுத்ததா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. ஒரு காப்பி ஸ்கேன் பண்ணி வெச்சுக்கலாம்னு பிரிச்சேன். பார்த்தா ஃப்ளூயிட்ல எஃப். இத்தனை வருஷமா பைப்புல எண்ணெய் ஓட்டறவன் பொண்ணுங்க அவ! நான் பார்த்தது தெரிஞ்சா அவ ஒடைஞ்சு போயிருவா. சொல்லிராதீங்க."

சாரைப் பெண்ணுக்குத் துணையாக அனுப்பினேன். கடைசியாக, ஜெராக்ஸோடு வந்த சுமதி. நான் எதுவுமே கேட்கவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"ஏனுங்க அண்ணாச்சி, சோறுதான் காட்டிக் குடுத்துருச்சுங்களா? முக்கியமான காயிதம் வெளிநாடு போகுது, மஞ்சள் வெக்காம எப்படி அனுப்பறது? நாலு மூலையிலயும் வெச்சேனுங்க. நடுவுல ஒரு எஃப் இருந்துச்சு. அது மேல கொஞ்சம் தாராளமாவே வெச்சுட்டேன். அவங்க ரெண்டு பேருக்கும் சொல்லிராதீங்க."

இத்தனை வருடத் தொழிலில் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு அன்றைக்கு மாதிரி என்றைக்கும் இல்லை. அந்த மஞ்சள் காகிதம் மட்டும் அயர்லாந்து போயிருந்தால், மார்க்கை மறைக்கப் பார்த்தார்கள் என்று எழுதி ஃபைலையே மூடியிருப்பார்கள்.

3. மூன்று கைகள்

கல்லூரி ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் தவமலர் அக்காவைத் தெரியாத அட்டஸ்டேஷன்காரன் எமிரேட்ஸிலேயே கிடையாது. யாழ்ப்பாணத்துக்காரி. போன் போட்டேன்.

"திரும்பவும் பிரிச்சுப்போட்டினமோ? அண்ணை, இந்தக் கவரை இனி இரும்பிலதான் செய்யோணும். பிள்ளையை ஐடியோட ரெண்டு மணிக்குள்ள கூட்டிக்கொண்டு வாங்கோ. பிறகு சைன் வைக்க ஆள் இல்லை."

"யல்லா சார், வண்டியை எடுங்க" என்றேன். புஜைராவிலிருந்து துபாய் வரை மூன்று ரகசியத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் நான் மட்டும் மலை பார்த்துக்கொண்டு போனேன்.

ஒன்றே முக்காலுக்குக் கவுண்டரில் நின்றோம். தவமலர் அக்கா புதிதாக ஒரு கவரை ஒட்டிச் சீல் வைத்து என் கையில் தந்தார். பிறகு கவர் இல்லாமல் ஒரு காப்பியை நீட்டினார். "இது வீட்டுக்கு. பார்க்கிற ஆக்கள் இதைப் பாருங்கோ. ஆர் வாங்கிறது?"

மூன்று கைகளும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. மற்ற இரண்டு பேர் பார்ப்பதற்குள் ஒளித்துவிட வேண்டும் என்று மூன்று பேருக்கும் ஒரே எண்ணம். காகிதம் நடுவில் மாட்டிக்கொண்டது.

"எஃப் எங்கேன்னு தேடாதீங்க. மூணு பேருக்குமே தெரியும்" என்றேன்.

முதலில் சுமதிதான் சிரித்தார். பாலகுமார் சார் மகளைப் பார்த்து, "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றார்.

"கேட்டா நீங்க மூணு மணி நேரம் லெக்சர் எடுப்பீங்களேப்பா!"

"அந்த லெக்சர் கேட்டிருந்தா பாஸாயிருப்ப."

"தூங்கியிருப்பேன்."

தவமலர் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, திரும்ப எடுத்துப் பாஸ் பண்ணினா கிரெடிட் கிரெடிட்தான். இதுக்கோ இவ்வளவு கூத்து?"

4. கற்றது

அந்த யூனிவர்சிட்டி பாடங்களை ஏற்றுக்கொண்டது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும் உள்ளே. தள்ளிவிட்டது ஒரே ஒரு பாடத்தைத்தான், அதுவும் அவள் ஏ பிளஸ் வாங்கிய பாடம். அவர்கள் சிலபஸில் அதற்கு இணையாக எதுவும் இல்லையாம். பெண் மூன்றாம் வருடத்தில்தான் சேர்ந்தாள், அந்த ஒன்றுக்குப் பதிலாக வேறு ஒன்றைக் கூடுதலாக எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு. மார்க் எவ்வளவு என்று வீடுதான் பார்க்கிறது. பாடம் பொருந்துகிறதா என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும்போதே இரண்டாகக் கேளுங்கள்: ஒட்டியது ஒன்று, ஒட்டாதது ஒன்று. மஞ்சள், குங்குமம், ஸ்கேன், கண்ணீர் எல்லாம் ஒட்டாததற்கு. பிரிக்காதே என்று நம்மவர்களிடம் சொல்லிப் பயனில்லை. பிரிப்பதற்கு ஒன்று கொடுத்துவிட வேண்டும்.

ஒட்டிய கவரை அன்று அவர்கள் கையில் நான் தரவில்லை. மறுநாள் கூரியர்காரன் வரும்வரை என் டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தேன். பூட்டுவதற்கு முன் டியூப்லைட்டுக்கு நேராக ஒரு தடவை பிடித்துப் பார்த்தது உண்மை. பிரிக்கவில்லை.