தானாகத் தட்டிக்கொண்ட டெப்

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் மூன்றாம் தரத்துக்குப் படிப்பிக்கிறேன். பாடசாலைகள் மூடியிருந்த மாதங்களில் பிள்ளைகளை வீட்டிலிருந்தே வாசிக்கச் சொல்லி, பெற்றோர் அனுப்பும் குரல் பதிவுகளைக் கேட்டுத் திருத்தினேன். என் போனில் அதற்கெல்லாம் இடம் போதவில்லை. அதனால் போனைவிடப் பெரிய திரையுள்ள ஒரு டெப் வாங்கினேன், கடையில் இருந்ததிலேயே மலிவானதை. படிப்பித்ததைவிட அதனோடு மல்லுக்கட்டிய நேரம்தான் அதிகம்.

பாடசாலை திறந்த பிறகு ஒருநாள் மழையில் என் பை நனைந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து டெப்பில் சார்ஜ் ஏறவில்லை. வயரை ஒரு பக்கமாக வளைத்து அழுத்திப் பிடித்தால் ஏறும், விட்டால் நின்றுவிடும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தேங்காய் துருவ முடியாது என்பதை முயன்று பார்த்தே தெரிந்துகொண்டேன்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். அவர் சார்ஜர் செருகும் துவாரத்துக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, ஊசியால் நோண்டி எதையோ எடுத்து மேசையில் வைத்தார். அரிசிக் குருணை.

"டீச்சர், இத அரிசிக்குள்ள போட்டீங்களா?"

நான் போடவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன்.

"ஈரத்த இழுத்துரும்னு ஒரு ராத்திரி மட்டும் அரிசி வாளியில வச்சேன்," என்றார்.

அவர் ஃபெக்டரியில் தேயிலை காயவைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவர். உலகத்தில் எது பழுதானாலும் அவருக்கு ஈரம்தான் காரணம்.

சார்ஜ் சரியாகி இரண்டு வாரம் போயிருக்காது, திரை தானாக வேலை செய்யத் தொடங்கியது. யாரும் தொடாமலே படங்கள் திறந்தன, மூடின. பெற்றோர் குழுவுக்கு "ககககக" என்று ஒரு செய்தி போயிற்று. ஒரு தாய், "டீச்சர், இது வீட்டுப்பாடமா?" என்று கேட்டிருந்தார். மன்னிப்புக் கேட்டு எழுத முயன்றேன். அதற்குள் டெப் அவருக்கு ஒரு மாம்பழப் படத்தை அனுப்பிவிட்டது.

அந்த வாரம்தான் எங்கள் பாடசாலை அதிபர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். என் வகுப்பில் ஒரு சிறுமி வாயே திறப்பதில்லை. அவளுக்குப் பேச்சு வராது, விசேட வகுப்புள்ள வேறு பாடசாலைக்கு மாற்றலாம் என்று கடிதம் தயாரித்துவிட்டார். அவள் வீட்டிலிருந்து ஒரு பக்கம் முழுவதையும் வாசித்து அனுப்பியதை நான் கேட்டிருக்கிறேன். சொன்னேன், அவர் நம்பவில்லை. அவள் அம்மாவின் போன் பழுதாகி மாற்றியதில் அங்கே பதிவு இல்லை. என் டெப்பில் மட்டும்தான் இருந்தது.

அன்று மாலை அடுப்படியில் நின்று கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். "அந்த மனுசனுக்குக் காது கேக்குதா இல்லையா? ஒரு நாளாவது அந்தப் புள்ள பக்கத்துல உக்காந்து பேசியிருப்பாரா?"

அலமாரியிலிருந்த டெப் பேசியது. "காது நல்லாத்தான் கேக்குது டீச்சர்."

அதிபரின் குரல். டெப் தானாகவே அவரை அழைத்திருந்தது. எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ. கணவர் மெல்ல நழுவி வெளியே போய்விட்டார்.

"அந்தப் பதிவக் கொண்டாங்க," என்றார் அதிபர். "கேட்டுட்டு அப்புறம் பாப்போம்."

பதிவைத் தேடித் திறப்பதற்குள் டெப் அணைந்தது. அதன்பின் எழவேயில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மறுபடியும் ஹட்டன் பஸ். வழியில் நோர்வூட் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். கடைக்காரப் பெண் டெப்பின் முதுகைக் கழற்றினார். உள்ளே பெட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது.

"இதுதான் ஸ்க்ரீன உள்ளருந்து தள்ளியிருக்கு. அதான் தானா அமுங்குது. இத இன்னும் வச்சிருந்தா ஆபத்து டீச்சர்."

"டெப் போனாப் போகுது. அதுல ஒரு புள்ளயோட குரல் இருக்கு. அது மட்டும் வேணும்."

வேறொரு பெட்டரியை வயரால் இணைத்து, அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மூச்சை அடக்கிப் பிடித்தேன். இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவையில் பதிவு என் போனுக்கு வந்து சேர்ந்தது. அங்கேயே போட்டுக் கேட்டேன். பின்னால் சேவல் கூவ, அம்மா "சத்தமா, சத்தமா" என்று சொல்ல, அந்தச் சிறுமி ஓர் எழுத்தும் விடாமல் வாசித்தாள். கடைக்காரப் பெண் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு முடியும்வரை கேட்டார். டெப்பை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

அதிபர் தன் அறையில் அதை இரண்டு தரம் கேட்டார்.

"இது அவதானா?"

"அவதான் சார்."

மேசை லாச்சியை இழுத்துக் கடிதத்தை அதற்குள் போட்டு மூடினார். கிழித்துப் போடவில்லை. எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அது அனுப்பப்படவில்லை.

அவள் இன்னும் வகுப்பில் பேசுவதில்லை. வாசிப்புப் பாடத்தில் அவள் முறை வரும்போது என் போனைக் கொடுத்து வெளியே அனுப்புகிறேன். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்று வாசித்துப் பதிந்துவிட்டு, போனை என் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.