வராத இரண்டாம் சுற்று

வாக்குச்சாவடி மேசையில் அமர்பவருக்கு விதிக்கப்படும் முதற்கடமை வாய் பேசாதிருத்தல். முப்பத்தைந்து ஆண்டுகள் பேசியே பிழைத்த ஓர் ஆசிரியருக்கு அதைவிடக் கடினமான தொழில் இருக்க முடியாது. பெயரைத் தேடிக் கோடு கிழிக்கும் அந்த வேலையில் ஒரு நாளாவது இருந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. கழுத்து நோவு, ஆறிப்போன கோப்பி, முகவரி மாற்றத்தை அறிவிக்க மறந்தவர் நம்மீது காட்டும் கோபம் ஆகிய எல்லாவற்றையும் நீங்களும் பட்டிருப்பீர்கள்.

யாழ்ப்பாணத்தில் தேர்தல் வந்தால் ஆசிரியர்களுக்கு அது கட்டாயக் கடமை. வகுப்பறை வாங்கு மேசைகளை ஒதுக்கி, தகரப் பெட்டிக்குக் கயிறு கட்டி, அரக்கு உருக்கி முத்திரை குத்துவோம். மகளோடு வாழ மொன்றியலுக்கு வந்தபின், மாநகரத் தேர்தலுக்கு ஆட்கள் தேவை என்ற அறிவித்தலைக் கண்டதும் நான் விண்ணப்பித்தது அந்த அரக்கின் மணத்தை நினைத்துத்தான். இங்கே அரக்கும் இல்லை, தகரமும் இல்லை, எல்லாம் மட்டைப்பெட்டி. ஆயினும் மூன்று தேர்தல்களில் பணியாற்றினேன். இப்போது முழங்கால் இடங்கொடுப்பதில்லை. நவம்பர்க் காற்று யன்னலில் மோதும்போதெல்லாம் மனம் மட்டும் அந்த மேசைக்குப் போய் அமர்ந்துகொள்கிறது.

மை இல்லாத தேர்தல்

பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு பாடசாலையின் உடற்பயிற்சிக்கூடமே எங்கள் சாவடி. கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே என் மேசை. அதற்குப் பொறுப்பானவர் லூசியன் என்ற ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி. நான் அவருக்கு எழுத்தர். அவர் பேசுவது பிரெஞ்சு. எனக்கு அம்மொழியின் வினைத்திரிபுகள் அனைத்தும் தெரியும்; பேச்சுத்தான் வராது.

முதல் தேர்தலிலேயே எங்கள் தெருக் கந்தையா அண்ணை வந்தார். வாக்குத்தாளைப் பெட்டியில் இட்டு முடித்ததும், இடக்கைச் சின்னவிரலை லூசியனுக்கு முன்னால் நீட்டியபடி நின்றார். வாக்களித்தவரின் விரலில் அழியாத மை பூசுவது நம் நாட்டு வழக்கம் என்பது லூசியனுக்கு எப்படித் தெரியும்? சற்றுத் தயங்கினார், பிறகு மிகுந்த மரியாதையோடு அந்த ஒற்றை விரலைப் பிடித்துக் குலுக்கினார். இங்கே மை பூசுவதில்லை என்று நான் தாழ்ந்த குரலில் தெரிவித்தேன். அண்ணை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மையும் பூசாட்டி மனிசிக்கு நான் என்னத்தை மாஸ்டர் காட்டுறது? மூலைத் தெப்பனேர் கடையிலை பியர் வாங்கிக்கொண்டு நிண்டனான் எண்டெல்லோ நினைப்பா."

ஒரு சொல்லின் தெரிவு

இனி நான் சொல்லப்போவது யாவும் எனது மூன்றாவது, கடைசித் தேர்தலைப் பற்றியது. அதற்கு ஒரு மாதம் முன்பு, எங்கள் முதியோர் ஒன்றுகூடலில், வாக்களிக்கும் முறையைத் தமிழில் ஒரு துண்டுத்தாளாக எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். "ஒராளுக்கு மட்டும் புள்ளடி போடுங்கோ எண்டு எழுதினால் முடிஞ்சுது அப்பா," என்றாள் மகள் வானதி. வாக்குத்தாளில் இடும் பெருக்கற் குறியை ஈழத்தில் அப்படித்தான் சொல்வோம். நான் உடன்படவில்லை. இங்கே வட்டத்துக்குள் பெருக்கற் குறி, சரிக்குறி, வெறுங்கோடு எதை இட்டாலும் செல்லும். புள்ளடி என்றால் பொருள் குறுகிவிடும். தவிரவும், 'போடுங்கோ' என்பது அச்சில் ஏறக்கூடிய வடிவமன்று.

மூன்று நாள் சிந்தித்து, "வேட்பாளரின் பெயருக்கு எதிரேயுள்ள வட்டத்தினுள் உமது விருப்பினைக் குறித்திடுக" என்று எழுதினேன். எழுவாய், தோன்றா எழுவாய். மற்ற உறுப்புகள் எல்லாம் அததன் இடத்தில் இருந்தன. இன்று எடுத்து வாசித்தாலும் அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் காண இயலாது. வானதி அதை இரண்டு முறை வாசித்தாள். "வடிவான தமிழ்தான் அப்பா. ஆனால் வாசிக்கிற சனம் சோதினைக்குப் போகேல்லை, வோட் போடப் போகுது."

முதல் வாக்கு

இராசமலர் அக்கா எங்கள் தெருவில் எதிர்வரிசையில் குடியிருந்தவர். சென்ட் லோரன்டில் மருந்துகளைப் பெட்டியில் அடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்தவர். பரீட்சை என்ற சொல்லுக்கே அஞ்சியவராதலால், வயது சென்றவர்களுக்குக் குடியுரிமைப் பரீட்சை இல்லை என்று தெரிந்த பின்புதான் விண்ணப்பம் போட்டார். தேர்தலன்று பட்டுச்சேலையின் மேல் குளிரங்கி, காலில் பனிச் சப்பாத்து, கையில் நான் எழுதிய துண்டுத்தாள் என்ற கோலத்தில் வரிசையில் நின்றார். "பிறந்ததுக்கு இதுதான் மாஸ்டர் என்ரை முதல் வாக்கு," என்றார். விதி பேச விடாது. நான் தலையை மட்டும் அசைத்தேன்.

லூசியன் வாக்குத்தாளை மடித்துக் கொடுத்து, எல்லோருக்கும் சொல்வதுபோல, ஒரே ஒரு வட்டம் என்று பிரெஞ்சில் சொன்னார். "விய், மெர்சி," என்று பிரெஞ்சிலேயே ஆமாவும் நன்றியும் சொல்லி அக்கா மறைப்புக்குப் பின்னால் போனார். வெகுநேரம் வரவில்லை. வரிசை முனகத் தொடங்கியது. லூசியன் அசையவில்லை, படியிறங்கும் பயணியை ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை என்றார். இறுதியில் அக்கா வந்து, தாளைப் பெட்டியின் வாயில் வைத்து இரண்டு விரலால் உள்ளே தள்ளினார். அது விழும்வரை காத்திருந்து, என் பக்கம் குனிந்தார். "நீங்கள் எழுதித் தந்த மாதிரியே மாஸ்டர். ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு விருப்பு இலக்கம் வடிவாப் போட்டிட்டன்."

கணக்கு வாத்தியார்

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் நாட்டுச் சனாதிபதித் தேர்தலில் விருப்பு வாக்கு என்றால் 1, 2, 3 என்று இலக்கமிடுவது. எவருக்கும் பாதிக்குமேல் கிடைக்காவிட்டால் இரண்டாம் விருப்பை எண்ணுவார்கள். 'விருப்பினைக் குறித்திடுக' என்று எழுதிய என் கை, நமது சனத்துக்கு எதைச் சொல்லியிருக்கிறது என்பதை அந்த மேசையிலிருந்தே விளங்கிக்கொண்டேன். தாள் பெட்டியில் விழுமுன் சொல்லியிருந்தால் வேறு தாள் கொடுத்திருக்கலாம். விழுந்ததை எடுக்கச் சட்டமில்லை. அக்கா என்ன சொன்னார் என்று லூசியன் கேட்டார். நன்றி சொன்னார் என்று பொய் சொன்னேன்.

எண்ணும்போது எங்கள் பெட்டியிலிருந்து எட்டு மேயர் தாள்கள் இலக்கங்களோடு வெளிவந்தன. ஒருவர் '1' என்பதோடு நிறுத்தியிருந்தார். லூசியன் அதைத் தூக்கிப் பார்த்து, இது ஒரு கோடு, ஆகவே செல்லும் என்று தீர்ப்பளித்தார். மற்ற ஏழு பேரும் கீழ்ப்படிவுள்ள மாணவர்களாகக் கடைசி வட்டம்வரை நிரப்பியிருந்தார்கள். அந்த ஏழையும் தனி உறையிலிட்டு ஒட்டியபடியே லூசியன் சொன்னார்: "இந்தத் தெருவில் யாரோ ஒரு கணக்கு வாத்தியார் இருக்கிறார் போல."

பாரிசிலிருந்து வந்த சட்டம்

முடிவு வந்தது. முதலில் வந்தவருக்கும் பாதி வாக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான், இங்கே அதிகம் பெற்றவர் மேயர், கதை முடிந்தது. ஆனால் தவம் அண்ணையின் பலசரக்குக் கடையில் கதை அங்கேதான் தொடங்கியது. அண்ணையின் தம்பி பாரிசில் இருக்கிறார். பிரான்சில் முதற்சுற்றில் பாதி வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஞாயிறன்று இரண்டாம் சுற்று நடக்கும் என்று அவர் தொலைபேசியில் சொன்னாராம். மொன்றியலிலும் பிரெஞ்சுதான், ஆகவே இங்கும் அப்படித்தான் என்பது அண்ணையின் தர்க்கம்.

அன்று கடையில் இராசமலர் அக்காவும் நின்றார். இலக்கம் போட்ட தாள்கள் செல்லாதவை என்று தமிழ் வானொலியில் சொன்னார்கள் என யாரோ கூறவும், அவர் கையிலிருந்த முருங்கைக்காயை வைத்துவிட்டு, "அப்ப என்ரை வாக்கு?" என்றார். கேள்வி எல்லோருக்கும் பொதுவானது; பார்வை என்மேல். நான் கத்தரிக்காய்களைத் தெரிவு செய்வதில் மூழ்கிவிட்டேன். விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்க அஞ்சிய நாள் என் வாழ்வில் அது ஒன்றே. தவம் அண்ணை கறிவேப்பிலையைச் சுற்றியபடி ஆறுதல் சொன்னார். "யோசியாதையுங்கோ அக்கா, ரெண்டாம் சுற்றிலை சரியாப் போடலாம். பிரெஞ்சுக்காரன் எதையும் ஒரு தரத்திலை முடிச்சுப்போடமாட்டான்."

தோற்பவரின் கணக்கு

ஜான்-டலோன் சந்தையில், சென்னையிலிருந்து வந்து இங்கே பொறியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியரைச் சனிக்கிழமைகளில் சந்திப்பேன். ஆப்பிள் வாங்குமுன் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பவர். இரண்டாம் சுற்று என்ற வதந்தியைச் சொன்னதும் சிரித்தார். "யார் சார் சொன்னது? ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அவங்கதான் மேயர். பாதியெல்லாம் இங்க யாரும் கேக்கல." இதை அந்தக் கடையில் வந்து சொல்ல முடியுமா என்று நான் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். என் வேலையை அவர் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்பதை உடனே கண்டுகொண்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் எதுக்கு சார்? நாப்பது வருஷமா நான் ஓட்டுப் போட்ட ஆள் ஒருத்தர்கூட ஜெயிச்சதில்ல. ரெண்டாவது ரவுண்டு வச்சாங்கன்னா ஒரே மாசத்துல ரெண்டு வாட்டி தோப்பேன்," என்றார்.

ற்ரு

அடுத்த முறை கடைக்குப் போனபோது வாசற் கண்ணாடியில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது: 'மேயர் தேர்தல் இரண்டாம் சுற்ரு. எல்லோரும் ஆயத்தமாய் இருக்கவும்.' தவம் அண்ணையின் கையெழுத்து. உண்மையைச் சொல்லவென்றே நான் போயிருந்தேன். ஆனால் கண்ணில் முதலில் பட்டது உண்மையன்று, 'ற்ரு'. றகர ஒற்றின் பின் ரகரம் வராது. சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனை தானாகவே கைக்கு வந்தது. 'ரு'வை வெட்டி 'று' என்று திருத்தினேன். அதற்குள் கடையில் சனம் கூடிவிட்டது. பிறகு பேசலாம் என்று வந்துவிட்டேன்.

அந்தச் சிவப்புத் திருத்தத்தைத் தெரு முழுவதும் பார்த்திருக்கிறது. மாஸ்டர் பார்த்துச் சரிபிழை போட்டபிறகு அதில் சந்தேகம் என்ன என்று பேசிக்கொண்டார்களாம். ரொறன்ரோவில் தங்கை மகளின் கலியாணத்துக்கு முன்கூட்டியே போய் உதவவேண்டிய இராசமலர் அக்கா பயணத்தைத் தள்ளிவைத்தார். அன்று மாலை அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "மாஸ்டர், இந்தமுறை புள்ளடிதானே? நீங்கள் வாயாலை சொல்லுங்கோ, எழுதவேண்டாம்."

அக்காவின் வீட்டில்

அது தொலைபேசியில் சொல்லக்கூடிய செய்தியன்று. மறுநாட் காலையில் தெருவைக் கடந்து, வெளிப்புற இரும்புப் படிகளில் கம்பியைப் பிடித்து ஏறினேன். இன்று அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அக்கா ரொறன்ரோவுக்கே குடிபோய்விட்டார். அன்று கதிரையில் பட்டுச்சேலை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் அடையாள அட்டையும் இருந்தது. எதிர்வரும் ஞாயிறுக்கான ஆயத்தம். நான் தேநீருக்கு முன்பே சொல்லிவிட்டேன்: இரண்டாம் சுற்று இல்லை, வரவும் மாட்டாது, இலக்கமிட்ட தாள் செல்லாது, அப்படி இலக்கமிட வைத்தது என் சொல்.

அக்கா அடையாள அட்டையைக் கையில் எடுத்தார். "அந்த வெள்ளைக்காரன் பிரெஞ்சிலை ஒண்டு எண்டு சொன்னவர்தான். நீங்கள் தமிழிலை எழுதினனீங்கள். நான் ஆரை நம்புறது, சொல்லுங்கோ பாப்பம்?" என்றார். அவர் எழுந்துபோய்த் தேநீர் ஊற்றினார். சீனி போடவில்லை, எனக்குச் சீனி வியாதி என்பது கோபத்திலும் அவருக்கு நினைவிருந்தது. மன்னிக்கவேண்டும் என்று சொன்னேன். ஒரு மாணவனிடமும் நான் சொல்லாத சொல் அது.

"நாளைய ரொறன்ரோ பஸ்ஸுக்கு ஒரு சீற் எடுத்துத் தாங்கோ," என்றார் பிறகு. சேலையை அலுமாரியில் வைத்துக்கொண்டே, என்னைப் பாராமல் சொல்லத் தொடங்கினார். இருபத்தொரு வயதில், ஊரில் ஒரு தேர்தலுக்கு விடியற்காலையிலேயே குளித்துப் போய் வரிசையில் நின்றாராம். மேசையில் இருந்தவர் வாக்காளர் இடாப்பைப் பார்த்து, உம்முடைய வாக்கு ஏற்கெனவே விழுந்துவிட்டது பிள்ளை என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். அந்த மேசைகளில் என்னைப் போன்ற வாத்திமார்தான் இருந்திருப்பார்கள். நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அக்கா அலுமாரிக் கதவைச் சாத்தினார். "அண்டைக்கு என்ரை வாக்கை ஆர் போட்டது, ஆருக்குப் போட்டது எண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது மாஸ்டர். இந்தமுறை பழுதாப்போனது என்ரை வாக்கு, பழுதாக்கினது என்ரை கை; அதுவாவது தெரியும்."

வாழ்நாளில் நான் திருத்திய தாள்கள் எத்தனை என்று கேட்டால் என்னால் சொல்ல இயலாது. ஒரு பிழையுமில்லாத வாக்கியம் ஒன்றினால் பழுதாக்கியவை ஏழு.