வேலி வளைந்த புற்று

என் தங்கை செங்கமலத்தைக் கட்டியவர் அய்யம்பெருமாள். செந்துறைப் பக்கம் எங்கள் ஊரில் அவரைத் தெரியாதவர்கள் உண்டு. என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக ஏறி, இன்று அரியலூரில் சொந்தமாக ஹாலோ பிளாக் பட்டறை வைத்திருப்பவன் நான். இருந்தாலும் இதை அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்னைப் பற்றி ஆரம்பித்தால் தாள் போதாது.

அய்யம்பெருமாள் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. முந்திரிக்கொட்டை பொறுக்கினார், ஆடு மேய்த்தார், மானாவாரியில் கடலை போட்டார். ஆனால் புற்றுக்காளான் விஷயத்தில் அவரை அடிக்க ஆளில்லை. ஆவணி, புரட்டாசியில் இடி இடித்து மழை பெய்து, பிறகு புழுங்கினால் கறையான் புற்றைச் சுற்றி மொக்கு மொக்காகக் கிளம்பும். விதைத்து வராது. எங்கே கிளம்பும் என்பது அதற்குத்தான் தெரியும், அய்யம்பெருமாளுக்கும் தெரியும். டவுனில் டப்பாவில் அடைத்து விற்கிற காளானையும் நான் தின்று பார்த்திருக்கிறேன். ரப்பர் செருப்பு தேவலை.

மொக்காக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். குடை விரிந்தால் புழு வைத்துவிடும். சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கினால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அதுவே விட்டுக்கொள்ளும். தெருவில் போகிறவன் நின்று, என்ன கறி என்று கேட்டுவிட்டுத்தான் போவான்.

இடம் தெரிந்தவன் வெளியே சொல்ல மாட்டான், அது எங்கள் பக்கத்து வழக்கம். சொன்னால் அடுத்த வருஷம் கிளம்பாதாம். விரல் நீட்டிக் காட்டினால் அப்போதே கருகிவிடுமாம். அய்யம்பெருமாள் இதில் ரொம்பக் கெட்டி. புல்லுக்கட்டுக்குள் ஒளித்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். செங்கமலமும் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுப் பார்த்தாள்.

"எங்கதான் பறிச்சீங்க? நான் என்ன ஊராளா?"

"காட்டுல."

"எந்தக் காட்டுல?"

"காளான் மொளைக்கிற காட்டுல."

பேரப்பிள்ளை பிறந்த பிறகும் இதே பதில்தான்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய முத்துவேல் போன வருஷம் ஓடைக்கரைத் தரிசை விலைக்கு வாங்கினான். கம்பி வேலி போட ஜேசிபியைக் கொண்டுவந்தான். எல்லை பார்த்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டான். ஊரில் பெரிய காரியம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

வண்டி கருவேலமுள்ளைத் தள்ளிக்கொண்டு வந்தது. வேலி போகிற வழியில் ஆள் உயரத்துக்கு ஒரு கறையான் புற்று. அதன் முன்னால் அய்யம்பெருமாள் நின்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணே, தள்ளி நில்லுங்க. மண்ணு மேல வுழும்" என்றான் முத்துவேல்.

"வுழட்டும்."

"ஏண்ணே, புத்துக்குள்ள பொதையல் கிதையல் வச்சிருக்கீங்களா?"

அய்யம்பெருமாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். விரல் தப்பித்தவறிப் புற்றுப் பக்கம் நீண்டுவிடக் கூடாது என்றுதான். எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் என் தங்கையால் முடியாததை நான் ஒரே பார்வையில் கண்டுபிடித்தேன். முதல் நாள்தான் இடியோடு மழை. கீழே பார்த்தேன். புற்றடியில் மண் வெடித்து, வெள்ளை மொக்குகள் எட்டிப் பார்த்தன. அவர் மெதுவாகக் காலை நகர்த்தி மறைத்தார்.

உண்மையைச் சொன்னால் இடம் ஊருக்கே தெரிந்துவிடும். நிலம் முத்துவேலுடையது, காளானும் அவன் வீட்டுச் சட்டிக்குத்தான் போகும். சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் புற்றே இருக்காது. மனுஷனுக்கு முகம் வேர்த்துவிட்டது. அந்த இடத்தில் எனக்குத்தான் மூளை வேலை செய்தது.

"முத்துவேலு, அது சாமி புத்துடா. என் மாப்ள கனவுல ஆத்தா வந்து சொல்லியிருக்கா. மேல கை வச்சின்னா நான் பொறுப்பில்ல."

ஜேசிபி டிரைவர்தான் முதலில் குதித்துச் செருப்பைக் கழற்றினான். முத்துவேல் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "இத முன்னாலயே சொல்லக் கூடாதாண்ணே?" புற்றை வெளியே விட்டு, வளைத்துக் கல் நட்டான். அய்யம்பெருமாள் விட்ட பெருமூச்சு எனக்கே கேட்டது. எல்லாரும் போனதும் பறித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்.

யாரும் போகவில்லை. ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவள் செங்கமலம். ஆத்தா கனவில் வந்ததைக் கட்டினவளிடம் சொல்லாத மனுஷனைத் திட்டி முடித்துவிட்டு, புற்றுக்கு மஞ்சள் பூசினாள். முத்துவேல் பெண்டாட்டி வெற்றிச்செல்வி பாலும் முட்டையும் கொண்டுவந்தாள்.

மறுநாள் காலையில் காளான் குடை விரித்தது. புற்றைச் சுற்றிக் கல்யாணப் பந்தி போல.

"ஆத்தா கொடை புடிச்சிருக்கா, பாருங்கடி!" என்று கத்தினாள் செங்கமலம்.

அய்யம்பெருமாள் காளான் கட்ட எடுத்துவந்த வெறும் துண்டோடு நின்றார். "செங்கமலம், அது நம்ம திங்கிற காளான்தான்…"

"கன்னத்துல போட்டுக்குங்க! ஆத்தா கொடையத் திங்கிறதாம். கனவு கண்ட வாய் பேசுற பேச்சா இது?"

போட்டுக்கொண்டார். காளான் அங்கேயே விரிந்து, புழுத்து, மண்ணோடு மண்ணாகப் போனது. அதற்கும் சூடம் காட்டினார்கள்.

பிறகு ஒருநாள் பட்டறைக்கு என்னைத் தேடி வந்தார்.

"மச்சான், வேற ஏதாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?"

"புத்து நிக்குதா இல்லையா?"

"நிக்குது."

"அப்புறம் என்ன மாப்ள?"

டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இன்றுவரை எனக்கு ஒரு நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது அங்கே தகரக் கொட்டகை இருக்கிறது. சுற்றுச்சுவருக்கு ஹாலோ பிளாக் என் உபயம், பெயர் எழுதியிருக்கிறது, தூரத்திலிருந்தே படிக்கலாம். கனவில் வந்தவள் அவருக்குத்தானே வந்தாள் என்று அய்யம்பெருமாளையே பூசாரி ஆக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அவர்தான் சூடம் காட்டுகிறார். செந்துறை பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் புற்றுக்கோயில் எங்கே என்று கேட்டால், அவர்தான் வழி சொல்கிறார். விரலை நன்றாக நீட்டியே காட்டுகிறார்.

"விரல் நீட்டக் கூடாதும்பியே மாப்ள?" என்று கேட்டேன்.

"கருகித் தொலையட்டும்னுதான் நீட்டுறேன் மச்சான். கண்ணால பாக்காமயாச்சும் இருக்கலாம்."

போன வாரம் நல்ல மழை. போன வருஷத்தைவிட அதிகமாகவே கிளம்பியிருக்கிறது.